தொண்ணூற்றாறு புள்ளி நான்கு

கீலுங் துறைமுகத்துக்கு மேலே, மலைச்சரிவில் ஐந்து குப்பை வண்டிகள் ஓடுகின்றன. நூற்றுப்பதினெட்டு நிறுத்தங்கள், மொத்தம் 96.4 கிலோமீட்டர். எந்த வண்டியும் பாதி வழியில் நிரம்பிவிடக் கூடாது. ஐந்துக்கும் பாதை போட்டவர், பதினைந்து வருடமாகத் திருத்தித் திருத்திச் செதுக்கியவர், முதல் வண்டியை ஓட்டும் லியாவ் அக்கா.

புதிதாக வந்த பிரிவுத் தலைவர் கூவுக்கு அதில் நம்பிக்கையில்லை. அக்கா வெற்றிலைபாக்குக் கடைகளைச் சுற்றியே பாதை போட்டிருக்கிறார் என்று அலுவலகம் முழுக்கச் சொல்லி வைத்தார். பல்கலைக்கழகத்திலிருந்து, கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய என்னை வரவழைத்தார். இதைவிடக் குறைந்த தூரம் கிடைத்தால் அக்காவின் பொறுப்பு பறிபோகும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நானும் அவரைத் தோற்கடிக்கத்தான் போனேன். படித்த திமிர். கம்ப்யூட்டரில் அரை மணி நேரத்தில் 95.8 வந்தது. தாளோடு ஓடினேன்.

அக்கா ஓர் இடத்தில் விரலை வைத்தார். "டாக்டர், இங்க என்ன இருக்கு?"

"சந்து."

"படிக்கட்டு. நூத்திப்பன்னெண்டு படி. என் வண்டிக்குக் கால் முளைச்சா சொல்லி அனுப்புறேன்."

சுற்றி நின்ற ஓட்டுநர்கள் சிரித்த சிரிப்பில் எனக்குக் காது சிவந்தது. வரைபடத்திலிருந்த படிக்கட்டுகளை எல்லாம் அழித்துவிட்டு மறுபடி தேடினேன். எத்தனை முறை தேடினாலும் 96.4.

தலைவர் கூ விடவில்லை. "உங்களுக்குக் கிடைக்கலைனா, இல்லைனு அர்த்தமா?"

சுருக்கென்றது. ஆனால் நியாயமான கேள்வி. தேடிக் கிடைக்காதது வேறு, இல்லவே இல்லை என்பது வேறு. இல்லவே இல்லை என்று நிரூபிப்பதுதான் என் தொழில். எல்லா வழிகளையும் எண்ணிப் பார்க்க ஆயுள் போதாது. அதனால் கீழேயிருந்து வருவோம். எப்படிச் சுற்றினாலும் இவ்வளவுக்குக் குறையாது என்று ஒரு தரை போடுவோம். தேறாத வழிகளைக் கூட்டம் கூட்டமாகக் கழித்துக் கழித்து அந்தத் தரையை உயர்த்துவோம்.

முதல் நாள் தரை 93.9. ஐந்தாம் நாள் 96.1. மிச்சம் முந்நூறு மீட்டர். அதற்குள் ஒரு நல்ல வழி ஒளிந்திருந்தால் அக்கா தொலைந்தார். நான் எப்போது கட்சி மாறினேனோ தெரியாது. தினமும் காலையில் திரையைப் பார்த்து "ஏறித் தொலையேன்" என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்குத் தரை 96.4-ஐத் தொட்டது. தரைக்கும் அக்காவின் பாதைக்கும் இடைவெளி பூஜ்யம் என்று தாளில் அச்சிட்டு எடுத்துப் போனேன்.

"ஒன்பது நாள் கம்ப்யூட்டரை ஓட்டிட்டுப் பழைய பாதையையே கொண்டு வந்திருக்கீங்க," என்றார் கூ. "என்னதான் மாறிச்சு?"

"ஒண்ணும் மாறல சார். மாத்தவும் முடியாது. இதைவிடக் கம்மியா சுத்திவர உலகத்துல எவனாலயும் முடியாது. இன்னிக்கு மட்டுமில்ல, என்னிக்குமே."

சொல்லும்போது என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. கூ வெற்றிலைபாக்குப் பேச்சை அதோடு விட்டார். அக்காவுக்குக் கண் கலங்கியிருந்தது, ஆனால் வாய் அடங்கவில்லை.

"பதினஞ்சு வருஷமா நான் சொல்றதை ஒன்பதே நாள்ல புரிஞ்சுக்கிட்டியே டாக்டர். படிச்ச புள்ளதான்."

அன்று மாலை குப்பைப் பையோடு தெருவில் நின்றேன். வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. முன்கண்ணாடியில் என் தாளிலிருந்து வெட்டிய பூஜ்யம் ஒட்டியிருந்தது.

"ஐயோ பாவம், பூஜ்யமா வாங்கினீங்க?" என்று அக்காவிடம் கேட்டார் என் பக்கத்து வீட்டுக்காரர்.

அக்கா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். "இதுக்கு மேல மார்க்கே கிடையாது! வேணும்னா அந்த டாக்டரைக் கேளு!"