அதுவே வரும்

குல்சும் மாமி தம்பியின் காதோரம் குனிந்து மறுபடியும் கலிமாவைச் சொன்னாள். பழவேற்காடு கடைத்தெரு வரை கேட்கிற குரல் அவளுக்கு. கட்டிலில் கிடந்த அமீருதீன் வாத்தியாரின் உதடு அசைந்தது. "லா..." என்று வந்தது. அவ்வளவுதான், மாமி பாய்ந்து மீதியை எடுத்துக் கொடுத்தாள். கூடவே வாத்தியாரின் தம்பி நூர் முகம்மது சாச்சாவும் சேர்ந்துகொண்டார். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார்.

காலையிலிருந்து இதே கூத்துதான். பக்கவாதத்தில் வலது பக்கமும் நாக்கும் விழுந்துபோயிருந்தன. பொழுது தாண்டாது என்று பொன்னேரி டாக்டர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கடைசி வார்த்தை, அல்லாஹ்வைத் தவிர இறைவன் இல்லை என்கிற கலிமாவாக இருக்கவேண்டும். அந்த வீட்டில் யாருக்கும் வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

மகள் சாலிஹாவுக்கும் அதேதான். ஆனால் அவளுக்கு வயிறும் எரிந்தது. வாசலில் கூடியிருந்தவர்களில் எவளோ முணுமுணுத்தது காதில் விழுந்திருந்தது: "இங்கிலீசுலயே பொரண்ட நாக்கு. கலிமா எப்டி வரும்?" பெற்ற பெண்ணை ஆண்பிள்ளைகளோடு போர்டு ஸ்கூலில் உட்காரவைத்தவர் என்று ஊருக்கு ஏற்கனவே கடுப்பு. வாப்பா இப்படியே போய்விட்டால் அந்தப் பேச்சு கபர்க்குழி வரைக்கும் கூட வரும்.

ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்தாள். மறுபடியும் "லா..." மறுபடியும் மாமி. வாப்பா நெற்றியைச் சுருக்கிவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அந்தத் தவிப்பு சாலிஹாவுக்குத் தெரியும். வாப்பாவின் இங்கிலீஷ் வகுப்பில் ஒருநாள் 'லைட்ஹவுஸ்' என்ற வார்த்தையில் மாட்டிக்கொண்டு நின்றவள் அவள். தினமும் வாசலிலிருந்து பார்க்கிற கலங்கரை விளக்கம்தான். எழுத்தில் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. முன்பெஞ்சே எடுத்துக் கொடுத்தது. கொடுக்கக் கொடுக்க அவள் வரியின் தொடக்கத்துக்கே ஓடினாள். வாத்தியார் கையைத் தூக்கினார். "யாரும் வாயத் தொறக்காதீங்க. அதுவே வரும்." அப்புறம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, அவசரமே இல்லாதவர் போல நின்றார். மக்குக்கும் கெட்டிக்காரனுக்கும் அதே கைதான். அங்கே படித்துவிட்டு வாசிக்கத் தெரியாமல் போனவரை அவள் பார்த்ததில்லை.

சாலிஹா எழுந்து கையைத் தூக்கினாள்.

"மாமி, போதும். சாச்சா, நீங்களும் சும்மா இருங்க. எடுத்துக் குடுக்கக் குடுக்க வாப்பா மொதல்லேர்ந்து ஆரம்பிக்கிறாரு."

"இன்னாடி பேசற? ரூஹு போற நேரத்துல வேடிக்கை பாத்துக்கினு நிக்கச் சொல்றியா?"

"கேட்டுக்கினுதான் இருக்காரு, மாமி. அதுவே வரும்."

சாச்சா முறைத்தார். மாமி ஏதோ சொல்ல வந்து, அவள் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டாள். அறையில் சத்தம் நின்றது. சாலிஹாவுக்கும் பயம்தான். வராமலே போய்விட்டால் மாமி ஆயுசுக்கும் மன்னிக்கமாட்டாள். தன்னாலும் தன்னை மன்னிக்க முடியாது. ஆனாலும் கையை இறக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"லா..." கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. "இலாஹ..."

அங்கே நின்றுவிட்டது. நிற்கக்கூடாத இடம் அது. 'இறைவன் இல்லை' என்பதோடு மூச்சு நின்றுவிட்டால் என்ன ஆவது? மாமி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். எடுத்துக் கொடுத்துவிடலாமா என்று சாலிஹாவுக்கே நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இல்... இல்லல்லாஹ்."

குழறலாக, கோணலாக, ஆனால் ஒன்றையும் விடாமல் மீதியும் வந்து சேர்ந்தது. வாசல்வரை கேட்டது.

"வந்துடுச்சிடி," என்றாள் மாமி. "என் தம்பிக்கு வந்துடுச்சி." சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வாப்பா நீளமாக ஒரு மூச்சு விட்டார். அடுத்தது வரவில்லை. சாச்சா தலையிலிருந்த தொப்பியைச் சரிசெய்துகொண்டு மரணத்துக்குச் சொல்கிற இன்னாலில்லாஹியைச் சொன்னார்.

சாலிஹாவுக்கு அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது நிம்மதி.

"கைய எறக்குடி," என்றாள் மாமி மெதுவாக.

அப்போதுதான் பார்த்தாள். கை இன்னும் தூக்கியபடியே இருந்தது. அந்தக் கையாலேயே வாப்பாவின் கண்களை மூடினாள்.