பாடும் மீனின் பேராசிரியர்

மதியம் இரண்டு மணிக்கு எங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் கணினி அறை தண்ணீருக்குள் மூழ்கிக் கிடப்பதுபோல் இருக்கும். பச்சைத் திரைச்சீலை, ஏசியின் முனகல், முப்பது திரைகளின் வெளிச்சம். சாப்பிட்ட களைப்பில் முதலாமாண்டுப் பிள்ளைகள் பாதித் தூக்கத்தில் மிதப்பார்கள். இணையத்தில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. எழுதியது யார் என்று முதலில் கேளுங்கள் என்பேன். அந்த அறையில் என்னைவிடப் பெரிய புளுகி கிடையாது என்பது வேறு விஷயம்.

ஆறு வருடங்களுக்கு முன் பயிற்சிக்காக நானே ஒரு பொய்ப் பக்கம் செய்தேன். உச்சி வெயிலில் ஏரியின் அடியில் கிடந்து பாடும் ஒரு மீன். அதைக் கண்டுபிடித்த பேராசிரியர் என்று என் அப்பாவின் படத்தைப் போட்டேன். அப்பா பஸ் கண்டக்டர். "மீன்ல முள் எடுக்கவே திணறுறவன் நான், என்னைப் போய் பேராசிரியர்ங்கிறியே" என்று சிரித்தபடி, வேலை முடிந்து வந்த சட்டையோடு படத்துக்கு நின்றார். வகுப்பு முடியும்போது, "இவர் எங்க அப்பா, கண்டக்டர்" என்று போட்டு உடைப்பேன். அறையே கொல்லென்று சிரிக்கும். வீட்டுக்குப் போய்ச் சொன்னால் அப்பாவும் சிரிப்பார்.

அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. அந்தப் பக்கத்தில் மட்டும் 'ஏரிக்கரையில் வாழ்ந்துவருகிறார்' என்று இருக்கிறது. அதன்பின் வந்த வகுப்புகளில் உண்மையைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. 'கண்டக்டரா இருந்தார்' என்றல்லவா சொல்லவேண்டும். "நீங்களே யோசிச்சுப் பாருங்க" என்று மழுப்பி, விளக்கை அணைத்துவிட்டுப் போனேன்.

அந்த மழுப்பலின் லட்சணம் இன்றுதான் தெரிந்தது. அந்தப் பக்கத்தை முப்பது பேரில் இருபத்தொன்பது பேர் 'நம்பலாம்' என்று பதில் போட்டிருந்தார்கள்.

"பதினோரு இடத்துல இருக்கு மேடம்" என்றான் முன்வரிசையில் இருந்த கண்ணாடிக்காரன். "நீங்க சொன்ன மாதிரியே வேற பக்கமும் திறந்து பாத்தோம்."

நானும் திறந்து பார்த்தேன். பதினொன்றும் என் பழைய மாணவர்கள் எழுதியவை. பாவம், என்னை நம்பி எழுதியிருக்கிறார்கள். ஒருத்தி அப்பாவுக்கு விருதே கொடுத்திருந்தாள். வெட்கமாக இருந்தது. பொய் சொல்வானேன், கூடவே சந்தோஷமாகவும் இருந்தது. எங்கேயோ ஒரு ஏரிக்கரையில், வெயிலில், அப்பா தண்ணீரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் வாயைத் திறந்தால் அங்கிருந்தும் போய்விடுவார். சும்மா இருந்தால் இந்த முப்பது பேரும் அந்தப் பொய்யைத் தூக்கிக்கொண்டு போவார்கள். மறுபடி மழுப்பத்தான் வாயெடுத்தேன்.

கடைசி வரிசையில் ஒருத்தி கையைத் தூக்கினாள். அந்த முப்பதாவது ஆள்.

"இவர் பேராசிரியர் இல்ல மேடம்."

"எப்படிச் சொல்ற?"

"பதினொண்ணுலயும் ஒரே படம்தான் இருக்கு. அதைப் பெருசாக்கிப் பாத்தேன். இடது தோள்ல சட்டை கோடு போட்ட மாதிரி வெளுத்திருக்கு. பை வார் உரசி உரசி வந்தது. எங்கம்மா சட்டையிலயும் அதே இடத்துல அதே கோடு. எங்கம்மா கண்டக்டர்."

அந்தச் சட்டையை எத்தனை தடவை இஸ்திரி போட்டிருப்பேன்.

"தப்பா சொல்லிட்டேனா மேடம்?"

"இல்லம்மா. சரியாத்தான் சொன்ன. இவர் எங்க அப்பா. கண்டக்டரா இருந்தார்."

யாரும் சிரிக்கவில்லை. அவள்தான் கேட்டாள்: "எந்த ரூட் மேடம்?"

துக்கம் விசாரிக்க வந்த ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி. "பதினேழு" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

பிறகு எல்லோரும் பார்க்க அந்தப் பக்கத்தைத் திறந்தேன். மீனை அழித்தேன், பேராசிரியரை அழித்தேன். 'இங்கே இருந்தது பொய், பயிற்சிக்காக எழுதியது. படத்தில் இருப்பவர் பதினேழாம் நம்பர் பஸ்ஸின் கண்டக்டராக இருந்தவர்' என்று அடித்தேன். அந்தப் பதினோரு பேருக்கும் இன்றைக்கே எழுதவேண்டும்.

"எழுதினது யாருன்னு போடலையே மேடம்" என்றான் கண்ணாடிக்காரன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'அவர் மகள்' என்று போட்டேன்.