நாற்பதுக்கு மேல் திறக்காத த்ராட்டில்

வெள்ளிக்கிழமை ஜும்மா முடித்து, சாப்பிட்டு, மஸ்கட்டில் அம்மார் லேப்டாப்பைத் திறக்கும்போது காயல்பட்டினத்தில் வெயில் சாய ஆரம்பித்திருக்கும். அந்த நேரத்துக்கு அவன் பெண்டாட்டி ஸஹ்லா பழைய மாருதி ஜென்னோடு ஆறுமுகநேரி உப்பளத்துக்குள் வந்து நின்றுவிடுவாள். லாரி வராத நாளில் உள்சாலையை உபயோகித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் அந்த உப்பள முதலாளி.

பக்கத்து சீட்டில் அவளுடைய அக்கா, ராத்தா சக்கீனா இருப்பாள். தங்கச்சி தனியாக உப்பளத்துக்குள் போவதா என்று உம்மா கேட்டதால் வந்த துணை அது. ராத்தாவின் மடியில் லேப்டாப். அதிலிருந்து ஒரு வயர் டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் எஞ்சின் கம்ப்யூட்டருக்குப் போகும். ஸஹ்லாவின் போன் ஸ்பீக்கரில் கிடக்கும்.

காருக்குள் இருந்தது அதன் சொந்த எஞ்சின் இல்லை. விபத்தில் நசுங்கிய வேறொரு காரிலிருந்து எடுத்த டர்போ எஞ்சின். கல்யாணத்துக்கு வந்த லீவில், தூத்துக்குடி பழைய துறைமுகத்துப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஜெஃப்ரியோடு சேர்ந்து அம்மார் அதைப் பொருத்தினான். "புது மாப்ள அத்தர் மணக்க வருவாருன்னு பாத்தா, ஆயில் மணக்க வாராரே" என்று சக்கீனா கேலி செய்வாள். ஸஹ்லாவுக்கு அந்த நாட்களில் குறையொன்றும் இல்லை. பட்டறையில் அவன் காருக்கு அடியில் படுத்திருப்பான். அவள் டார்ச் அடிப்பாள். வயரைக் கொடுக்கும்போது விரல்கள் தொட்டுக்கொள்ளும். ஜெஃப்ரி வேலையிருப்பதுபோல வெளியே போய்விடுவான்.

எஞ்சின் உறுமியது. ஆனால் டியூனிங் முடிவதற்குள் லீவு முடிந்துவிட்டது.

பழைய எஞ்சினில் ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு கேபிள் நேராகப் போய் த்ராட்டில் என்னும் காற்றுக்கதவை இழுக்கும். புதியதில் கேபிள் கிடையாது. கால் எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டும் பெடல் சொல்லும். எவ்வளவு திறப்பது என்பது கம்ப்யூட்டரின் முடிவு. நாற்பது சதவீதத்துக்கு மேல் திறக்காதபடி அம்மார் கட்டிவைத்துவிட்டுப் போயிருந்தான்.

"டர்போவோட ஆட்டமே அதுக்கு மேலதான் ஈக்கு," என்றான் போகும்போது. "அத நாம ரெண்டு பேரும் சேந்து பாப்போம். பெருநாளுக்கு வந்திருவேன்லா."

அதனால் வெள்ளிக்கிழமைகளில் நாற்பதுக்குள்ளேயே வேலை நடந்தது. "மூணாவது கியர். முப்பதுல புடி," என்பான். அவள் பிடிப்பாள். எஞ்சினின் ஒவ்வொரு துடிப்பும் இங்கே ராத்தாவின் திரையிலும் அங்கே அவன் திரையிலும் கோடுகளாக ஓடும். அவன் அங்கிருந்தே பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டுவான், குறைப்பான். "இன்னொருக்க." மறுபடி ஓட்டுவாள்.

ராத்தாவை வைத்துக்கொண்டு வேறென்ன பேசிவிட முடியும்? வீட்டிலோ கூடம் நிறைய ஆட்கள். அவன் அறையில் ஆறு பேர். "மெதுவா... இன்னும் மெதுவா கால எடு, ஸஹ்லா," என்று அவன் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும். சக்கீனா ஜன்னலுக்கு வெளியே உப்புக் குவியலைப் பார்ப்பாள்.

பெருநாளுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஓட்டத்தின் நடுவே அம்மார் சொன்னான்.

"இந்தப் பெருநாளுக்கு வர முடியாது போல. கூட வேல பாத்தவன் வேலைய விட்டுப் போய்ட்டான். எங்க மொதலாளி அர்பாப் லீவ நிறுத்திட்டாரு."

சாலை முடிந்ததும் ஸஹ்லா காரை நிறுத்தினாள். அந்தப் பக்கம் மவுஸ் சொடுக்கும் சத்தத்தில் அவன் கோடுகளைப் பார்ப்பது தெரிந்தது.

"நல்லாத்தான் போயிருக்கு. ஆனா இங்கன ஒரு இடத்துல ஏன் சட்டுன்னு கால எடுத்தே?"

"ஆடு குறுக்க வந்துச்சு."

புல் முளைக்காத உப்பளம். சக்கீனா தங்கச்சியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு போன் பக்கம் குனிந்து, "ஆமா மாப்ள, பெரிய கெடா," என்றாள்.

அம்மாரின் குரல் இறங்கியது.

"அந்தக் கெடா போயிருச்சா?"

"இல்ல. நிக்கிது," என்றாள் ஸஹ்லா.

பெருநாள் வந்தது, போனது. புது உடுப்பில் எடுத்த படங்களை அவனுக்கு அனுப்பினாள். அடுத்த வெள்ளிக்கிழமை அவன் எப்போதும்போல எஞ்சின் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலை ஏற்றிவிட்டு, "இன்னைக்கு முழுசா மிதி," என்றான்.

ஸஹ்லா போன் பக்கம் திரும்பினாள். "நூறா? நீங்க வந்த பொறவுன்னு சொன்னீங்களே."

"நான் எப்ப வருவேன்னு எனக்கே தெரியல. நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தராவது பாக்கணும்லா. நாப்பது கட்ட எடுத்துட்டேன். முன்னால ஆள் யாருமில்லையே? ரெண்டாவது கியர்ல போட்டு மிதி. நான் சொன்னதும் விட்ரு."

சக்கீனா பெல்ட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டு, "பிஸ்மில்லாஹ்" என்றாள். ஸஹ்லா மிதித்தாள்.

ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு பானட்டுக்குள் சீட்டியடிப்பதுபோல ஒரு சத்தம் எழுந்து ஏறிக்கொண்டே போனது. யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளினார்கள். பாத்திகளும் உப்புக் குவியல்களும் ஒரே வெள்ளையாய்ப் பின்னால் ஓடின. சக்கீனா லேப்டாப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அலறினாள். "போதும், விடு!" என்றான் அம்மார். விட்டாள். டர்போ நீளமாக மூச்சுவிட்டது.

கார் நின்றதும் சக்கீனா கதவைத் திறந்தாள். "எனக்குத் தல சுத்துது. நான் போயி கொஞ்சம் காத்தாட நிக்கேன்." லேப்டாப்பை சீட்டில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெகுதூரம் நடந்தாள்.

"எப்படி இருந்துச்சு?" என்றான் அம்மார். "எனக்குச் சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சு. கோடு எல்லாம் சரியா இருக்கு. ஆனா எப்படி இருந்துச்சு, சொல்லு."

அவள் பக்கத்து சீட்டைப் பார்த்தாள். "மச்சான், இது சொல்லித் தெரியாது. நீங்க இங்க உக்காந்திருக்கணும்."

"ம்."

"நீங்க வர முடியலைன்னா நான் வாரேன்."

"இங்கயா? நம்ம ஊர்ல கல்யாணம் ஆனாலும் பொம்பளைங்க உம்மா வீட்ட விட்டுப் போற வழக்கமே—"

"உம்மாகிட்ட ராத்தா பேசுவா. நீங்க வீடு பாருங்க."

"ஒரு ரூம் கிடைக்கிறதே பாடு, ஸஹ்லா. எத்தன மாசம் ஆகுமோ."

"ஆகட்டும். இவ்வளவு நாளும் நீங்க வருவீங்கன்னு சும்மா இருந்தேன். இனி நீங்க தேடுதீங்கன்னு தெரிஞ்சா, அந்த நெனப்புலயே இருப்பேன்."

அங்கே அவன் பின்னால் யாரோ தட்டுக் கழுவும் சத்தம் கேட்டது.

"நாளைக்கு ருவி பக்கம் போயி வீடு கேக்கேன்," என்றான். பிறகு, "போன வச்சிராதே," என்றான்.

அவள் வைக்கவில்லை. எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. தூரத்தில் சக்கீனா முக்காட்டைக் காற்றுக்கு இழுத்துப் பிடித்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவளைக் கூப்பிட ஸஹ்லாவுக்கு மனம் வரவில்லை.