காப்புக் கட்டாத கை

பஸ் நின்றதும் பிரகதீஸ்வரி இறங்கிவிட்டாள். அது அவள் இறங்க வேண்டிய ஊர் இல்லை. புதுக்கோட்டைக்கு இன்னும் பாதி வழி கிடந்தது. அங்கே ஆஸ்பத்திரியில் மதியத்துக்குள் அவள் கணவன் குணசேகரனின் வலது காலை எடுத்துவிடுவார்கள். "உள்ள கொண்டுபோறதுக்கு முன்னாடி ஒன்னயப் பாக்கணும்" என்று காலையில் போனில் சொல்லியிருந்தான்.

கோயிலுக்குப் போன வேன் கவிழ்ந்தபோது அவளும் அதில்தான் இருந்தாள். அவளுக்கு வெறும் சிராய்ப்பு. அவன் கால் நசுங்கிவிட்டது. மாரியம்மனுக்கு நேர்ந்து, இடது கையில் மஞ்சள் கயிற்றால் காப்புக் கட்டிக்கொண்டாள். ஆனால் வண்டி வளைவில் சாய்ந்தாலே மூச்சு அடைத்தது. இரண்டு தடவை கிளம்பி, இரண்டு தடவையும் பாதியில் திரும்பியிருந்தாள். கொழுந்தன்தான் அவனுக்குத் துணை.

நிழற்குடைக் கட்டையில் உட்கார்ந்தாள். விரல்கள் மரத்துப்போயின. செத்துவிடுவோம் என்றே நினைத்தாள்.

பின்னாலேயே ஒருத்தி மீன்கூடையோடு இறங்கினாள்.

"ஒனக்கு ஊரு இன்னும் வரலையே ஷர்லி" என்றார் கண்டக்டர்.

"நீங்க போங்கண்ணே. மீனு எங்கிட்டும் நீந்திப் போயிராது."

பஸ் போய்விட்டது. ஷர்லி கூடையிலிருந்து ஒரு பிடி ஐஸை அள்ளி பிரகதீஸ்வரியின் இடது மணிக்கட்டில் வைக்கப் போனாள். அவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். மீன் பட்ட ஐஸ்.

ஷர்லி மஞ்சள் கயிற்றைப் பார்த்தாள். முகம் சுளிக்கவில்லை.

"காப்பா? அந்தக் கை ஆத்தாவுக்கு இருக்கட்டும் தாயி. இந்தக் கையக் குடுங்க."

வலது கையில் ஐஸ் சுரீரென்று பட்டது.

"செருப்பக் கழட்டிட்டு மண்ணுல கால ஊனுங்க. மூச்ச இழுத்துப் பிடிக்காதீங்க, வெளிய விடுங்க. சுடுகஞ்சிய ஊதுவோம்ல, அப்புடி மெதுவா."

ஊதினாள். முதலில் வரவில்லை. பிறகு வந்தது. ஐஸ் உருகி முழங்கை வரை ஒழுகியது. ஷர்லி இன்னொரு பிடி அள்ளினாள்.

"மீனு கெட்டுருமேக்கா."

"ரெண்டு மீனு கொழஞ்சா கொழம்பு வச்சுக்கிறேன். எம் புருசன் கடலுக்குப் போன நாள்ல எனக்கும் இப்புடித்தான் வரும். வந்துட்டுப் போயிரும் தாயி. ஆளக் கொல்லாது."

அடுத்த பஸ்ஸில் இருவரும் ஏறினார்கள். ஷர்லி தன் ஊரில் இறங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகும் வளைவுகள் இருந்தன. பிரகதீஸ்வரி ஒவ்வொன்றிலும் ஊதிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் குணசேகரனைத் தள்ளுவண்டியில் ஏற்றியிருந்தார்கள். உதடு வெளுத்து, நெஞ்சு விலுக்விலுக்கென்று அடித்தது. அவள் அவன் கையைப் பிடித்தாள்.

"மீன் வாடை அடிக்குது. காப்புக் கட்டிக்கிட்டு..."

"இது காப்புக் கட்டாத கை. கஞ்சி ஊதுற மாதிரி ஊதுங்க."

அவன் அவள் முகத்தையே பார்த்தபடி ஊதினான். ஆபரேஷன் தியேட்டர் கதவு வரை அவளும் சேர்ந்து ஊதிக்கொண்டு போனாள்.

கதவு மூடியது. முழுக் காலோடு அவனை இனி பார்க்கப் போவதில்லை. அவள் செருப்பைக் கழற்றி, குளிர்ந்த தரையில் இரண்டு பாதங்களையும் ஊன்றிக்கொண்டாள்.