சுவரில் ஒரு செருப்பு

"செருப்பா? இந்தச் சுவர்லயா?"

மருந்துக்கடைக்காரர் போட்ட சத்தத்தில் மேஸ்திரியின் கரண்டி பாதியில் நின்றது. கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஆம்புலன்ஸ் டிரைவரின் மனைவி, கையில் ஒற்றை ரப்பர் செருப்போடு நின்றிருந்தாள்.

பெருந்தொற்றில் இறந்த தெருக்காரர்களுக்காக முனையில் எழுப்பிய நினைவுச் சுவர் அது. அவரவர் புழங்கிய பொருள் ஒன்றை ஈரக் கலவையில் பதிக்க வேண்டும். சாவிக்கொத்து, கத்திரிக்கோல், வானொலிப் பெட்டியின் திருகு என்று காலையிலிருந்து வரிசையாகப் பதித்துவிட்டார்கள். மீதி இருந்தவை இரண்டே இடங்கள். ஒன்று மருந்துக்கடைக்காரரின் தம்பிக்கு, மற்றது டிரைவருக்கு.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்குப் பயந்து, சீக்கிரம் இறுகச் செய்யும் மருந்தை மேஸ்திரி கலவையில் சேர்த்துவிட்டார்.

"சட்டுனு முடிங்க சார். நான் பூசியிருக்கறது சிமெண்ட். மேடைப் பேச்சு இல்ல, இழுத்துக்கிட்டே போறதுக்கு."

யாரும் சிரிக்கவில்லை.

"வேற ஏதாவது கொண்டு வாம்மா. சட்டை, கடிகாரம்..." என்றார் மருந்துக்கடைக்காரர்.

"எங்க இருக்கு? துணி, படுக்கை எல்லாத்தையும் வாசல்ல போட்டு எரிச்சாங்க. நீங்களும்தான் நின்னு பாத்தீங்க. கடிகாரம் ஆஸ்பத்திரியோட போச்சு. எனக்கு மிஞ்சினது இதுதான்."

"அதுக்காக என் தம்பி மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்துல செருப்பை வைக்கறதா?" அவர் குரல் உயர்ந்தது. "சொல்ல வேண்டாம்னு பார்த்தேன். இந்தத் தெருவுக்கு நோயைக் கொண்டு வந்ததே உன் புருஷன்தான். அவனுக்கு இடம் ஒதுக்கினதே பெரிசு."

கூட்டத்தில் இரண்டு தலைகள் ஆமோதித்து ஆடின. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். இன்று விட்டால் அவனுக்கு இந்தத் தெருவில் ஒரு விரற்கடை இடம்கூடக் கிடையாது. அது அவளுக்குத் தெரியும்.

மேஸ்திரி கலவையை விரலால் அழுத்திப் பார்த்தார். "ஓரம் இறுகுது..."

"நீங்க தம்பி கண்ணாடியை வைங்க மேஸ்திரி. இந்தாம்மா, கொடு."

மருந்துக்கடைக்காரர் தம்பி மனைவியிடம் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. கண்ணாடியை முந்தானைக்குள் பொத்திக்கொண்டாள்.

"முதல்ல செருப்பு, மாமா. அப்புறம்தான் இது."

"என்ன பேசறே? வீட்டுக்குப் போ!"

"இந்தச் செருப்பை நம்ம மாடிப்படிகிட்ட கழட்டி விட்டுட்டுத்தான் அவர் மேல வந்தார். உங்க தம்பியைத் தோள்ல தூக்கி இறக்கினார். நீங்க பக்கத்துலகூட வரலை."

"அது அவன் வேலை."

"அவர்கிட்ட என்னன்னு சொன்னீங்க? நெஞ்சு வலின்னீங்க. அதுக்கு முன்னாடியே உங்க தம்பிக்குக் காய்ச்சல் கொதிச்சுது. வெளிய தெரிஞ்சா கடைக்கு சீல் வெச்சுடுவாங்கன்னு என் வாயையும் அடைச்சீங்க."



டிரைவரின் மனைவி மெதுவாக மருந்துக்கடைக்காரர் பக்கம் திரும்பினாள். "காய்ச்சல்னு சொன்னா முழுக் கவசமும் மாட்டாம வண்டியை விட்டு இறங்க மாட்டாரே அவர். எப்படி ஒட்டிச்சு, எப்படி ஒட்டிச்சுன்னு நான் ராப்பகலா மண்டையை உடைச்சுக்கிட்டேன்." அவள் செருப்பைக் கைமாற்றிப் பிடித்தாள். "நெஞ்சு வலின்னா சொன்னீங்க?"

மருந்துக்கடைக்காரர் நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

அவள் செருப்போடு ஓரடி முன்னால் வந்தாள். கை உயர்ந்தது. மருந்துக்கடைக்காரர் தன்னையறியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தலையாட்டிய இருவரும் நைசாகப் பின்னால் நகர்ந்தார்கள். தடுக்க ஒருவரும் வரவில்லை.

அடி விழவில்லை. செருப்பு அவருடைய மூக்குக்கு நேரே நின்றது.

"பிடிங்க."

"அம்மா..."

"பிடிங்கன்னேன். நீங்களே பதிங்க. உங்க கையால."

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மேஸ்திரி ஓரத்தில் தண்ணீர் தெளித்து, ஒரு கரண்டி புதுக் கலவையை அப்பி வழிவிட்டார். மருந்துக்கடைக்காரர் குனிந்து செருப்பைச் சுவரில் வைத்து அழுத்தினார். செருப்பு வழுக்கியது. மறுபடி அழுத்தினார். வெள்ளைச் சட்டையின் கைகளில் சிமெண்ட் வழிந்தது. பக்கத்து இடத்தில் தம்பி மனைவி கண்ணாடியைப் பதித்துவிட்டு விலகினாள்.

"கையை எடுத்தா விழுந்துடும்," என்றார் மேஸ்திரி. "பிடிச்சுக்கிட்டே நில்லுங்க."

அவர் நின்றார். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. முதல் தூறல் விழுந்தது. அவர் தோள்கள் நடுங்கத் தொடங்கின.

"மேஸ்திரி... ஆச்சா?"

மேஸ்திரி கரண்டி நுனியால் தட்டிப் பார்த்தார். கல்லில் தட்டியதுபோல் சத்தம் வந்தது. அவர் டிரைவரின் மனைவியைப் பார்த்தார். அவள் செருப்பைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இன்னும் இறுகல சார்," என்றார் மேஸ்திரி. "கையை எடுக்காதீங்க."