நெறியாளர் கையெழுத்து

மகன் கேட்ட சாம்பல் நிறச் சட்டையைத் தேடி அலமாரியைத் துழாவியபோது, படுக்கை விரிப்புகளுக்கு அடியில் அந்தக் காகிதக் கட்டு தட்டுப்பட்டது. சூடு பட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டாள். சட்டையை மட்டும் உருவிக் கொடுத்தனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

கூடத்தில் அவள் கணவரை, பேராசிரியரைக் கிடத்தியிருந்தார்கள். விடிகாலையில் போன உயிர். இதயம் தேய்ந்துபோயிருந்தது, யார் என்ன செய்திருந்தாலும் இவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று மணிக்கு வண்டி வரும். அவளுக்கு இன்னும் அழுகை வரவில்லை. வந்தவர்கள் அதையே கண்ணும் கருத்துமாகக் கவனித்துக்கொண்டிருந்தார்கள், முக்கியமாக நாத்தனார்.

அந்தக் கட்டு அவருடைய கடைசி மாணவனின் ஆய்வேடு. பழைய தந்தி அலுவலகங்களின் வரலாறு. ஒன்பது வருஷ வேலை. முடிந்தது என்று நினைக்கும்போதெல்லாம் எங்கிருந்தாவது ஒரு செல்லரித்த பதிவேட்டைக் கண்டுபிடித்து, பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இன்னும் பத்து வரி சேர்ப்பான். அதனால் அவனுக்கு அவர் வைத்த பெயர் அடிக்குறிப்பு. உதவித்தொகை நின்று, மனைவியின் சம்பளத்தில் ஓடி, தலையில் நரை விழுந்து, ஒரு வழியாக நாலு மாதத்துக்கு முன் முழு ஆய்வேட்டோடு வந்து நின்றான். அவள் அதை வாசலிலேயே வாங்கிக்கொண்டு, சார் தூங்குகிறார் என்று அனுப்பிவிட்டாள். படிக்கவே கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அவரோ நாலு பக்கம் படித்தால் நாற்பது பக்கத்துக்குச் சண்டை பிடிக்கிற ஆள். உடம்பு தேறட்டும், கொடுத்துக்கொள்ளலாம் என்று ஒளித்துவைத்தாள்.

ஒரு வாரம், அடிக்குறிப்பு வந்தானா என்று கேட்டுக்கொண்டிருந்தார். இல்லை என்றாள். பிறகு கேட்பதையே விட்டுவிட்டார். அவன் ஃபோன் செய்தபோதெல்லாம், படித்துக்கொண்டிருக்கிறார் என்றாள். இரண்டு பக்கமும் வாய் கூசாமல் பொய்.

இப்போது அவன் வெயிலில் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தான். துறைத்தலைவர் மலர்வளையத்தை வைத்துவிட்டு அவனைத் தனியாக அழைத்துப் பேசியது ஜன்னல் வழியாக அவள் காதில் விழுந்தது. நெறியாளர் கையெழுத்து இல்லாமல் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது. புது நெறியாளரைப் போடவேண்டும். அவர் முதல் அத்தியாயத்திலிருந்து ஆரம்பிப்பார். அதற்குள் இந்த மாதத்தோடு அவனுடைய காலக்கெடு முடிந்துவிடும். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, மறுபடி நாற்காலி தூக்கப் போனான். கொஞ்சம் சண்டையாவது போட்டிருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

ஒரே காரியத்தில் இரண்டு பேர் வயிற்றில் அடித்திருக்கிறோம் என்று நினைத்தாள். இவனுக்கு ஒன்பது வருஷம் போச்சு. அவருக்கோ, உயிராக நினைத்த வேலை கடைசி நாலு மாதம் கைக்கு எட்டவேயில்லை. இதை மறைத்துக்கொண்டு மூன்று மணிக்கு வண்டியின் பின்னால் நிற்க அவளால் முடியாது. அவனை உள்ளே கூப்பிட்டு, காகிதக் கட்டை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

"அவர் இதப் பாக்கவே இல்லப்பா. நான்தான் ஒளிச்சு வெச்சேன்."

அவன் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாலு மாசம்மா," என்றான்.

நாடாவை அவிழ்க்கப் பார்த்தான், வரவில்லை. அவள் குனிந்து பார்த்தாள். ஒளித்துவைத்தபோது அவள் போட்டது இழுத்தால் அவிழ்கிற சுருக்கு. இது இறுக்கிப் போட்ட இரட்டை முடிச்சு. முப்பது வருஷமாக அவள் கத்தரிக்கோலால் வெட்டித் தீர்க்கிற முடிச்சு. அதைப் போடுகிறவர் அந்த வீட்டில் ஒருவர்தான்.

வெட்டினாள். முதல் பக்கத்திலிருந்தே பென்சில் கோடுகள். ஓரத்தில் தேதிகள். ஒரு நாளைக்கு மூன்று பக்கம், நாலு பக்கம். அடிக்குறிப்புகளில் பாதியை அடித்திருந்தார். எல்லாமே மதிய வேலை என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. சாப்பிட்ட கையோடு, நீ போய் அந்த ரூம்ல கொஞ்ச நேரம் படு, ஓடிக்கிட்டே இருக்க என்று தினமும் விரட்டினாரே. கடைசிக் காலத்தில் மனுஷனுக்கு இவ்வளவு கரிசனமா என்று அவள் உருகிப்போயிருந்தாள்.

நெறியாளர் சான்றிதழ் பக்கத்தில் அவர் கையெழுத்து இருந்தது, கொஞ்சம் நடுங்கியிருந்தாலும் வழக்கமான வாலோடு. பதினோரு நாளைக்கு முந்தைய தேதி. அவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். கட்டின் அடியில் இருந்த துண்டுக் காகிதத்தை அவனால் படிக்க முடியவில்லை, கண்ணீர் மறைத்தது. அவள் வாங்கிப் படித்தாள்.

"அடிக்குறிப்பு, இத்தோடு நிறுத்து. விட்டுப்போனதை வேறு யாராவது எழுதிக்கொள்வார்கள். நான் படித்தது அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் திட்டுவாள்."

திருட்டு மனுஷன் என்று நினைத்தாள். அப்பாடா என்று இருந்தது, அதோடு சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. தலையணையை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

நாத்தனார் அறை வாசலில் வந்து எட்டிப்பார்த்தாள்.

"இப்பதான் அழுகை வந்திருக்கு. யாரும் உள்ள போகாதீங்க, அழட்டும்," என்று கூடத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.