பச்சைச் சீட்டு

“யாரப் பாக்கணும்?”

“ஒங்களத்தான் சித்தப்பா.”

“என்னைப் பாக்கறதுன்னாலும் இதுல எழுதிட்டுத்தான் உள்ள வரணும். பேரு, ஊரு, காரணம், கையெழுத்து. ரூல்ஸு.”

காவல் அறை ஜன்னல் வழியாகச் சகாயராஜ் நோட்டை நீட்டினார். நீலச் சீருடை அவர் தோளில் வேறு யாருடையதோ போலத் தொங்கியது. அவருக்குப் பின்னால் குடோனின் தகரக் கூரை பெருமுக்கல் மலையைப் பாதி மறைத்துக்கொண்டு நின்றது.

ஜெசிந்தா பேனாவை வாங்கினாள். ‘காரணம்’ என்ற கட்டத்தில் கை நின்றது. அப்பாவை நேற்று சாயங்காலம் விழுப்புரம் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து காலனி வீட்டில் கிடத்தியிருந்தார்கள். மாதா கோயிலின் துக்க மணி இங்கே கேட்காமல் இருந்திருக்காது. ‘சாவு’ என்று எழுதினாள்.

சகாயராஜ் அதைப் படித்துவிட்டு நோட்டை மூடினார்.

“நாலு மணிக்குப் பூசை சித்தப்பா. இன்னும் குழி வெட்டல.”

“ஆளா இல்ல ஊர்ல?”

ஆட்கள் இருந்தார்கள். காலனியில் குழி வெட்ட யாரையும் கூப்பிடுவதில்லை. வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு வந்துவிடுவார்கள். ஆனால் முதல் வெட்டு கூடப்பிறந்தவனுடையது. அவன் வெட்டாமல் மற்றவர்கள் மண்ணைத் தொடுவதில்லை. காலையிலிருந்து கல்லறைத் தோட்டத்து வேலியில் மண்வெட்டிகளைச் சாத்திவிட்டு எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

கைப்பேசி அடித்தது. கட்சியின் ஒன்றியச் செயலாளர் ஜெகதீசன். உரத்த குரல், வெளியே கேட்டது. “இன்னாம்மா, இன்னும் குழியே ரெடியாவலயாமே? ஒரு பொக்லைன் அனுப்பிச்சிடட்டா? அஞ்சு நிமிச வேல.”

“வேணாங்க.”

அவள் கைப்பேசியைப் பையில் போட்டதும் சகாயராஜ் சிரித்தார்.

“ஏன் வேணாங்கற? பொக்லைன் நல்லாத்தான் வெட்டும். காய் புடிச்சிக்கினு இருந்த மல்லாட்டச் செடிய ஒரே பொழுதுல வழிச்சிப் போட்டுச்சே. நீ நிக்கிற பாரு, அங்கதான் நம்ம கெணறு.”

ஜெசிந்தா ஓர் அடி நகர்ந்து நின்றாள்.

அவளுடைய அப்பா தேவசகாயம் ஆறு வருஷம் மாநிலங்களவையில் இருந்தவர். காலனியிலிருந்து அவ்வளவு தூரம் போன முதல் மனுஷன். கிராம சபையைக் கேட்காமலே தொழிலுக்கு நிலம் எடுக்கலாம் என்ற மசோதா வந்தபோது, ஆதரித்து ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சிக் கொறடா உத்தரவிட்டிருந்தார்.

“அன்னிக்கி ராத்திரி எனக்குப் போன் பண்ணாரு உங்கப்பா. ‘டேய், என் ஓட்டு விழலடா! ரெண்டு பட்டனையும் ஒண்ணா அமுக்கணுமாம். நான் ஒண்ணத்தான் அமுக்குனேன். போர்டுல எனக்கு நேரா ஒண்ணுமே எரியல’ன்னாரு. கொழந்தையாட்டம் சிரிச்சாரு. நான் இன்னா பண்ணேன்? வீடு வீடாப் போயி, எங்கண்ணன் நம்மள விட்டுக் குடுக்கலன்னு சொன்னேன். மாதாவுக்கு மெழுகுத்திரி ஏத்துனேன்.”

மிச்சம் ஜெசிந்தாவுக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். இயந்திரத்தில் ஓட்டு விழாதவர்களுக்கு அவையிலேயே சீட்டு கொடுப்பார்கள். ஆதரவென்றால் பச்சை, எதிர்ப்பென்றால் சிவப்பு. கேட்காமல் உட்கார்ந்திருந்தால் யாரும் வந்து திணிக்கப் போவதில்லை. அந்தப் போனுக்கு முன்பே அப்பா கையைத் தூக்கிப் பச்சையைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டிருந்தார். மறுநாள் அவைப் பதிவில் ஆதரித்தவர்கள் வரிசையில் அவர் பெயர் வந்தது. அந்தப் பக்கத்தைக் கட்சிக்காரர்களே படம் பிடித்து, பூங்கொத்துப் பொம்மைகளோடு வாட்ஸப்பில் ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள். அந்தச் சட்டத்தில்தான் குடோனுக்கு இந்த நிலம் போனது.

“மெஷினே வேணான்னு விட்டுடுச்சி பாப்பா. இவரு கைய நீட்டி வாங்கனாரு.”

“ஆமா சித்தப்பா.”

அவள் மறுத்துப் பேசுவாள் என்று எதிர்பார்த்தவர் போல அவர் காத்திருந்தார். ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. சகாயராஜ் வெளியே வந்து கேட்டின் குறுக்குக் கம்பத்தைத் தூக்கினார், கிளீனர் பையனுக்கும் ஒரு சல்யூட் வைத்தார், கம்பத்தை இறக்கினார். கையைத் துடைத்துக்கொண்டே, அவளைப் பார்க்காமல் கேட்டார்.

“கடைசில என்னை எதுனா கேட்டாரா?”

“இல்ல சித்தப்பா. கேக்க பயந்துக்கினு இருந்தாரு.”

லாரி கிளப்பிய புழுதி மெல்ல அடங்கியது. காக்கை ஒன்று கம்பத்தின் நுனியில் வந்து உட்கார்ந்தது. சகாயராஜ் அதை விரட்டவில்லை.

“அண்ணனுக்குக் கால்ல சக்கரப் புண்ணு இருந்துச்சே. ஆறிச்சா?”

“ஆறல.”

அவர் தலையை ஆட்டினார். திரும்பவும் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து, மூடிய நோட்டின் மேல் கையை வைத்துக்கொண்டார். “எனக்கு ஷிஃப்டு ஆறு மணி வரைக்கும். கேட்ட வுட்டு நவுந்தா வேல பூடும்” என்றார்.

ஜெசிந்தா தன் வண்டிக்குப் போனாள். கால் வைக்கும் இடத்தில் குறுக்கே கிடந்த மண்வெட்டியை எடுத்துவந்து காவல் அறைச் சுவரில் சாத்தினாள். அண்ணன் தம்பி இருவரும் அந்தக் கிணற்றுக்கு வாய்க்கால் வெட்டிய மண்வெட்டி. அவர்கள் கை பட்டுப் பட்டுக் காம்பு வழவழப்பாகியிருந்தது. பிறகு துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு, கம்பத்தின் கயிற்றைக் கையில் பிடித்தாள்.

“அவர மன்னிக்கச் சொல்லி நான் வரல சித்தப்பா. ஒரே ஒரு வெட்டு. வெட்டிட்டு வந்துடுங்க. நீங்க வர்ற வரைக்கும் இந்த கேட்ட நான் பாத்துக்கறேன்.”